வினைல் தாளை வெட்டும் கத்தியும் அதன் கோணமும்

கடைகளின் கண்ணாடிக் கதவுகளிலும், வண்டிகளின் உடற்புறத்திலும், தொழிற்கூடங்களின் எச்சரிக்கைப் பலகைகளிலும் இன்று காணப்படும் எழுத்துகளுள் பல தூரிகையால் எழுதப்பட்டவை அல்ல. அவை பசை பூசிய வினைல் தாளிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டப்பட்டவையாகும். நம் நாட்டின் கடைத்தெருக்களில் இத்தொழிலை ‘ஸ்டிக்கர் கட்டிங்’ என்றும் ‘ரேடியம் வேலை’ என்றும் வழங்குவர். பின்னைய பெயர் மக்கள் வழக்கில் வந்ததேயன்றி, இத்தாள்களில் ரேடியம் என்னும் தனிமம் சிறிதும் இல்லை. இரவில் வண்டி விளக்கு பட்டதும் பளிச்சிடும் தாள்கள், தம்முள் பதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் போன்ற அமைப்புகளின் துணையால், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. தாமாக ஒளி உமிழ்வதில்லை.

இத்தொழிலில் ஈடுபட்டோர் பெரும்பாலும் சிறு முதலீட்டில் பட்டறை நடத்துவோர். தாளின் வண்ணத்தையும் விலையையும் அவர்கள் நன்கு ஆராய்ந்து வாங்குகின்றனர். ஆனால் தாளை வெட்டும் கத்தியின் கோணத்தைப் பற்றி ஆராய்வோர் சிலரே. இயந்திரத்தோடு வந்த கத்தியே எல்லாத் தாள்களுக்கும் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதனால் நேரும் இழப்பு, வீணாகும் தாளோடு முடிவதில்லை. தொழிற்கூடம் ஒன்றின் வாயிலில் ‘நில்’ என்று சிறிய எழுத்தில் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். லகரத்தின் மேலுள்ள புள்ளி உதிர்ந்துவிட்டால் அச்சொல் ‘நில’ என்றாகி, எச்சரிக்கையே பொருளிழந்து போகும். நாகரி எழுத்தில் தலைக்கோட்டின் மேல் நிற்கும் புள்ளி உதிர்ந்தால் பன்மை வினை ஒருமையாக மாறிவிடுவதும் உண்டு. ஓர் எழுத்தின் மிகச் சிறிய உறுப்பே முதலில் உதிர்கின்றது. அது உதிர்வதற்குரிய காரணம் பெரும்பாலும் வெட்டு மேசையிலேயே தோன்றிவிடுகின்றது.

வினைல் தாளின் அமைப்பு

வினைல் எனப் பொதுவாகக் கூறப்படுவது பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் ஆகும். 1872-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் யூஜன் பௌமன், வினைல் குளோரைடு சூரிய ஒளியில் வெண்ணிறத் திண்மமாக மாறுவதைக் கண்டு எழுதினார். எனினும் அத்திண்மம் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்தமையால் நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர், தகுந்த திரவங்களை அதனுடன் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரைப் போல் நெகிழும் பொருள் கிடைப்பதைக் கண்டறிந்தார். இத்தகைய மென்மையூட்டிகள் சேர்ந்த பி.வி.சி.யே இன்று வெட்டுவதற்குரிய தாளாக வருகின்றது.

கடையில் உருளையாக வாங்கும் தாள் உண்மையில் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே வண்ண வினைல் படலம்; அதன் கீழே அழுத்தினால் ஒட்டும் பசை; அதற்கும் கீழே, பசை ஒட்டாதவாறு சிலிக்கோன் பூசப்பட்ட அடித்தாள். வெட்டும் கத்தி முதல் இரண்டு அடுக்குகளை முழுவதும் பிளக்க வேண்டும். மூன்றாம் அடுக்கில் மெல்லிய கீறல் மட்டுமே விழலாம். இத்தொழிலின் கடினம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியுள்ளது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்களும் இத்தகைய விதிக்கே கட்டுப்பட்டிருந்தனர். கீறல் மை பிடிக்கும் அளவுக்கு ஆழமாகவும், ஓலையைக் கிழிக்காத அளவுக்கு மேலோட்டமாகவும் இருக்க வேண்டியிருந்தது.

படலம் இரு முறைகளில் செய்யப்படுகின்றது. திரவ நிலையிலுள்ள பி.வி.சி.யை ஒரு தளத்தின் மீது பரப்பி அடுப்பில் உலர்த்தி எடுப்பது ஒரு முறை. இவ்வாறு வார்த்த படலம் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிப்புடையது. உள் இழுவிசை குறைந்தது. ஒட்டிய பின் அதிகம் சுருங்காதது. சூடான உருளைகளுக்கிடையே பிளாஸ்டிக்கை நசுக்கி இழுத்துத் தாளாக்குவது மற்றொரு முறை. இத்தகைய படலம் பொதுவாக 75 முதல் 100 மைக்ரான் வரை தடிப்புடையது, விலை குறைந்தது, ஆனால் இழுக்கப்பட்டதன் நினைவைத் தன்னுள் வைத்திருந்து, வெயிலில் சிறிது சிறிதாகச் சுருங்கும் இயல்புடையது. இவையன்றி, துணியில் வெப்பத்தால் பதிக்கும் பஞ்சுமேற்பரப்புத் தாள், கண்ணாடியிலும் கல்லிலும் மணல் வீசிச் செதுக்கும்போது மறைப்பாக ஒட்டும் தடித்த தாள், ஒளி திருப்பும் தாள் ஆகியவையும் இதே இயந்திரத்தில் வெட்டப்படுகின்றன. இவற்றின் தடிப்பு சாதாரணத் தாளைப்போல் பல மடங்கு இருக்கக்கூடும்.

லேசர் ஒளிக்கற்றையால் பல பொருள்களை நுட்பமாக வெட்டும் இந்நாளில் கத்தி எதற்கு என்ற கேள்வி எழலாம். பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின் ஆகும். லேசரின் வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடுகின்றது. அவ்வாயு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகின்றது; சுவாசிப்போரின் நுரையீரலையும் இயந்திரத்தின் உலோக உறுப்புகளையும் அரிக்கின்றது. ஆகவே பி.வி.சி. தாளை லேசரால் வெட்டுதல் கூடாது என்பதே தொழிற்பாதுகாப்பு விதி. இதனால் வினைல் தாளுக்குக் கத்தியே உரிய கருவியாக நிலைத்துள்ளது.

கத்தி திரும்பும் விதம்

கணிப்பொறியின் ஆணைப்படி வினைல் எழுத்துகளை வெட்டும் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ஜோசப் கெர்பர் என்னும் பொறியியலாளர் நிறுவிய நிறுவனம் அவற்றுள் முன்னோடியாகும். இன்று சாதாரணமாகப் பயன்படும் ‘பிளாட்டர்’ இயந்திரத்தில் தாள் முன்னும் பின்னும் நகர்கின்றது. கத்திப்பிடி இடமும் வலமும் நகர்கின்றது. இவ்விரு அசைவுகளும் சேர்ந்து எவ்வடிவத்தையும் வரைகின்றன.

கத்தி என்பது ஒரு மெல்லிய ஊசி போன்ற தண்டு. அதன் ஒரு முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். தரமான கத்திகள் டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் உலோகத்தால் பிணைத்துச் செய்யப்படுகின்றன. ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் 1923-ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கடும் பொருள், எஃகைவிட நெடுநாள் கூர்மை காக்கும். ஆனால் வளையாது, அடிபட்டால் உடைந்துவிடும்.

இத்தண்டைத் திருப்புவதற்கு இயந்திரத்தில் தனி மோட்டார் கிடையாது. தண்டு நுண்ணிய பேரிங்குகளுக்கிடையே தானாகச் சுழலக்கூடியது. அதன் வெட்டுமுனை தண்டின் மையக்கோட்டில் அமையாமல் சற்று விலகி அமைந்துள்ளது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சக்கரங்களைக் கவனித்தோர் இதனை எளிதில் உணர்வர். சக்கரம் தன் செங்குத்துத் தண்டிற்குச் சற்றுப் பின்னே அமைந்திருப்பதால், வண்டியை எத்திசையில் தள்ளினாலும் அது தானே திரும்பிப் பின்தொடர்கின்றது. வெட்டுமுனையும் அவ்வாறே மையக்கோட்டைப் பின்தொடர்கின்றது. இந்த விலகல் சாதாரண வினைல் கத்திகளில் 0.25 மி.மீ. அளவில் இருக்கும், தடித்த தாளுக்குரிய சில கத்திகளில் 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருக்கும். கத்தியை மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணை இயந்திரத்திற்கு அறிவித்தல் வேண்டும். எண் குறைவாக இருந்தால் எழுத்தின் மூலைகள் மழுங்கி வளைந்துவிடும். மிகுதியாக இருந்தால் மூலைகளில் காது போன்ற புடைப்புகள் தோன்றும். கத்தியின் கோணம் தவறு என்று எண்ணிக் கத்தியை மாற்றுவோர், உண்மையில் இந்த எண்ணைத் திருத்தினாலே போதும் என்பதைப் பல சமயம் அறிவதில்லை.

கோணம் என்பது யாது

கத்தியின் சாய்வான வெட்டுவாய் தாளின் மேற்பரப்போடு அமைக்கும் கோணமே இங்குக் கத்தியின் கோணம் எனப்படுகின்றது. கடைகளில் 30, 45, 60 பாகைக் கத்திகள் கிடைக்கின்றன. 30 பாகைக் கத்தியின் வாய் தாளின் மீது படுத்தாற்போல் சாய்ந்திருக்கும். 60 பாகைக் கத்தியின் வாய் நிமிர்ந்து நிற்கும். இவ்வெண்ணைத் தாளிலிருந்து அளக்காமல் தண்டின் மையக்கோட்டிலிருந்து அளந்தால், 30 என்பது 60 ஆகவும், 60 என்பது 30 ஆகவும் மாறிவிடும். ஆதலின் உறையிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்து, எது நிமிர்ந்தது, எது சாய்ந்தது என்று உறுதிசெய்துகொள்வது நலம்.

கோணம் மாறினால் என்ன மாறுகின்றது? கத்தி தாளுக்குள் இறங்கியிருக்கும்போது, அதன் நுனி அடியில் உள்ளது. வாய் நுனியிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து மேலேறி, படலத்தின் மேற்பரப்பில் சற்று முன்னதாகவே வெளிப்படுகின்றது. அதாவது அடியில் ஓரிடத்தில் நுனி நிற்கும்போதே, மேற்பரப்பு அதற்கு முன்னால் சிறிது தூரம் வெட்டுப்பட்டுவிடுகின்றது. இந்த முன்நீட்சியே கோணத்தின் விளைவுகளுக்கெல்லாம் மூலம். 45 பாகைக் கத்தியில் முன்நீட்சி தாளின் தடிப்புக்குச் சமம். 30 பாகைக் கத்தியில் அது தடிப்பைப்போல் 1.73 மடங்கு, 60 பாகைக் கத்தியில் 0.58 மடங்கு.

படலமும் பசையும் சேர்ந்து 0.1 மி.மீ. தடிப்புள்ள சாதாரணத் தாளை எடுத்துக்கொள்வோம். முன்நீட்சி 30 பாகையில் 0.17 மி.மீ.; 45 பாகையில் 0.1 மி.மீ.; 60 பாகையில் 0.06 மி.மீ. மூன்றுக்கும் உள்ள வேற்றுமை ஒரு தலைமயிரின் பருமன் அளவே. தாளின் தடிப்பு 0.5 மி.மீ. ஆனால் நிலைமை முற்றிலும் மாறுகின்றது. இப்போது முன்நீட்சி முறையே 0.87, 0.5, 0.29 மி.மீ. ஆகின்றது. ஒரு மூலையில் கத்தி திரும்பும்போது, தாளில் புதைந்துள்ள வாயின் இந்நீளம் முழுவதும் படலத்தை உழுதுகொண்டே திரும்ப வேண்டும். 0.06 மி.மீ. வாய் திரும்புவதைத் தாள் உணர்வதேயில்லை. 0.87 மி.மீ. வாய் திரும்பினால் தாள் கிழியும், அல்லது பசையிலிருந்து பெயர்ந்து எழும்.

மெல்லிய தாளில் கோணத்தின் வேற்றுமை சிறிது. தடித்த தாளில் அது பெரிது. கத்தியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நினைவிற் கொள்ளத் தக்கது இதுவே.

நிமிர்ந்த கத்தியின் விலை

அவ்வாறாயின் எல்லாத் தாள்களையும் 60 பாகைக் கத்தியாலேயே வெட்டலாமே எனத் தோன்றும். அதற்கும் தடைகள் உள்ளன. வெட்டுவாய் நிமிர நிமிர நுனி ஒல்லியாகின்றது. 60 பாகைக் கத்தியின் நுனியில், வாய்க்கும் தண்டின் நெடுக்கைக்கும் இடையே 30 பாகை அளவே எஞ்சுகின்றது. ஒல்லியான நுனி, கடினமான துணுக்கு ஒன்றில் இடித்தாலும் ஒடிந்துவிடும். மேலும், வெட்டும் வேலை முழுவதும் வாயின் மிகக் குறுகிய பகுதியில் விழுவதால் அப்பகுதி விரைவில் தேய்கின்றது. 30 பாகைக் கத்தியில் அவ்வேலை நீண்ட வாயில் பரவுவதால் கத்தி நெடுநாள் உழைக்கும்.

விசையின் போக்கும் மாறுபடுகின்றது. சாய்ந்த கத்தியைத் தாள் மேல்நோக்கித் தள்ளுகின்றது. அதனை அடக்கி வைக்க மேலிருந்து கூடுதலான அழுத்தம் தேவை. நிமிர்ந்த கத்தியை அவ்வளவு மேலே தள்ளுவதில்லை; ஆனால் கத்தி தாளைத் தன்னோடு முன்னே இழுக்கின்றது. மென்மையான, நீண்டு கொடுக்கும் படலமாயின் இவ்விழுப்பால் சுருக்கம் விழக்கூடும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால் மூவகைக் கத்திகளின் இடமும் தெளிவாகின்றது. விளம்பரத்திற்கும் வண்டிகளுக்கும் பயன்படும் 50 முதல் 100 மைக்ரான் வரையுள்ள வினைல் தாள்களுக்கு 45 பாகைக் கத்தியே பொதுவாக ஏற்றது. மிக மெல்லிய தாள்களில் பெரிய எழுத்துகளையும் நேர்கோடுகளையும் மிகுதியாக வெட்டுவோர் 30 பாகைக் கத்தியால் சிக்கனம் பெறலாம். மணல்வீச்சு மறைப்புத் தாள், பஞ்சுமேற்பரப்புத் தாள், தடித்த ஒளி திருப்பும் தாள் ஆகியவற்றுக்கு 60 பாகைக் கத்தி வேண்டும். சாதாரணத் தாளிலும் மிகச் சிறிய எழுத்துகளை வெட்டும்போது 60 பாகை நன்மை தரும். ஆனால் அங்கு வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளுதல் அவசியம்.

எழுத்தின் வடிவமும் ஒரு காரணம்

தாளின் தடிப்பைப் போலவே, வெட்ட வேண்டிய வளைவின் சிறுமையும் கோணத்தை முடிவு செய்கின்றது. இவ்விஷயத்தில் நம் நாட்டு எழுத்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. ரோமன் பெரிய எழுத்துகளுள் பல நேர்கோடுகளால் ஆனவை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், ஒடியா ஆகிய எழுத்துகளோ சுழிகளும் வளைவுகளும் நிறைந்தவை. ணகரத்தின் சுழியும், ழகரத்தின் கீழ்வளைவும், மெய்யெழுத்தின் புள்ளியும் முழு எழுத்தின் உயரத்தில் சிறு பங்கே உடையவை. ஆகவே ஒரே உயரத்தில் வெட்டினாலும், தமிழ் எழுத்தில் கத்தி கடக்க வேண்டிய வளைவு ரோமன் எழுத்தில் உள்ளதைவிடப் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

தாளில் புதைந்துள்ள வாய் நேரானது. வளைவோ வளைந்து செல்கின்றது. நேரான வாய் வளைவைவிட்டு எவ்வளவு விலகும் என்பதை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். முன்நீட்சியை அதனாலேயே பெருக்கி, வந்த எண்ணை வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் விலகல் ஏறத்தாழக் கிடைக்கும். ஆரம் 0.5 மி.மீ. உள்ள சிறு சுழியை 0.1 மி.மீ. தடிப்புள்ள தாளில் 45 பாகைக் கத்தியால் வெட்டினால் விலகல் 0.01 மி.மீ.; கண்ணுக்குப் புலப்படாது. 30 பாகையில் அது 0.03 மி.மீ.; அதுவும் பொறுக்கத் தக்கதே. ஆனால் அதே சுழியை 0.5 மி.மீ. தடிப்புள்ள தாளில் வெட்ட முயன்றால், 60 பாகையில் விலகல் 0.08 மி.மீ., 45 பாகையில் 0.25 மி.மீ. ஆகும். பின்னையது சுழியின் ஆரத்தில் பாதியாதலால் சுழி உருக்குலைந்துவிடும். 30 பாகையில் முன்நீட்சியே ஆரத்தைவிடப் பெரிதாகையால் அச்சுழியை வெட்டவே இயலாது.

எழுத்தைப் பெரிதாக்கினால் இவ்விடர் விரைந்து மறைகின்றது. அதே தடித்த தாளில் சுழியின் ஆரம் 2 மி.மீ. ஆயின், 60 பாகையில் விலகல் 0.02 மி.மீ. அளவே. எனவே தடித்த தாளில் சிறு எழுத்து கேட்கும் வாடிக்கையாளருக்கு, கத்தியை மாற்றிப் பயனில்லை, எழுத்தைப் பெரிதாக்குவதே வழி என்று பட்டறையாளர் துணிந்து கூறலாம்.

ஆழமும் அழுத்தமும்

கோணம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், ஆழம் தவறினால் பயன் கெடும். கத்திப்பிடியிலிருந்து நுனி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கலாம் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. படலம், பசை ஆகியவற்றின் தடிப்போடு அடித்தாளின் தடிப்பில் பாதியைச் சேர்த்தால் கிடைக்கும் அளவே அது. இந்த அளவுக்குள் கத்தி உண்மையில் எவ்வளவு இறங்கும் என்பதை அழுத்தம் முடிவு செய்கின்றது. இயந்திரங்கள் அழுத்தத்தைக் கிராம் கணக்கில் காட்டுகின்றன. கூர்மையான 45 பாகைக் கத்தியால் சாதாரண வினைல் தாளை வெட்ட 80 முதல் 120 கிராம் வரை போதுமானதாக இருக்கும். அதனினும் மிக்க அழுத்தம் தேவைப்பட்டால், அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் கத்தியைச் சோதித்தல் வேண்டும்.

வெட்டு அடித்தாளுக்குள் ஆழ இறங்கினால் நேரும் தீமை உடனே கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கோன் பூச்சு பிளந்து, அதன் கீழுள்ள காகிதம் வெளிப்படுகின்றது. பசை அப்பிளவுக்குள் கசிந்து காகிதத்தைப் பற்றிக்கொள்கின்றது. பின்னர் எழுத்தை உரிக்கும்போது காகித இழைகள் பசையோடு சேர்ந்து வந்து, எழுத்தின் விளிம்பு நெடுகிலும் ஒட்டிக்கொள்கின்றன. இழை படிந்த விளிம்பு பலகையில் உறுதியாகப் பற்றுவதில்லை. அங்குத் தூசியும் மழைநீரும் புகுகின்றன. வெயிலில் படலம் சுருங்குகின்றது. சில மாதங்களில் விளிம்பு எழும்பி நிற்கின்றது. அப்போது பட்டறையாளர் பசையைக் குறை கூறுவார்; தாள் விற்றவர் பலகையைக் குறை கூறுவார்.

விளிம்பின் குறை சிறிய உறுப்புகளையே முதலில் தாக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. விளிம்பைச் சுற்றி 1 மி.மீ. அகலத்திற்குப் பசை பற்றவில்லை எனக் கொள்வோம். 30 மி.மீ. குறுக்களவுள்ள வட்டத்தில் அப்போதும் 87 விழுக்காட்டுப் பரப்பு பற்றி நிற்கும். 3 மி.மீ. குறுக்களவுள்ள புள்ளியிலோ ஒன்பதில் ஒரு பங்கே பற்றி நிற்கும். ‘நில்’ என்பது ‘நில’ என்றாவதன் காரணம் இதுவே.

சோதனை வெட்டு

புதிய தாள், புதிய கத்தி, புதிய கோணம் ஆகிய எது வந்தாலும் முதலில் சோதனை வெட்டு நிகழ்த்துதல் வேண்டும். ஒரு விரல் அகலமுள்ள சதுரமும், அதனுள் ஒரு முக்கோணமும், அருகே ஒரு சிறு வட்டமும் போதும். தமிழ் எழுத்து வெட்டுவோர் ‘ண்’ என்னும் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சுழியும் நேர்கோடும் மூலையும் புள்ளியும் அதில் ஒருங்கே உள்ளன.

அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, 10 கிராம் அளவாக ஏற்றிக்கொண்டே வருதல் முறையாகும். சதுரத்தின் மூலையை ஊசியால் தூக்கினால், அது சுற்றியுள்ள தாளை இழுக்காமல் தனியே எழ வேண்டும். பிறகு அடித்தாளைப் பார்க்க வேண்டும். அதன் முகத்தில் மெல்லிய கோடு தெரியலாம். விரலால் தடவினால் பள்ளம் உணரப்படலாகாது. பின்புறத்தில் எந்தத் தடமும் இருத்தல் கூடாது.

குறைகள் தோன்றினால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். மூலைகள் மழுங்கினாலோ காது முளைத்தாலோ விலகல் எண்ணைத் திருத்துக. வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சேராவிடில், கத்தி பிடிக்குள் தடையின்றிச் சுழல்கின்றதா என்று பார்க்க. நுண்ணிய வினைல் துகள் ஒன்றே அதனைத் தடுக்கப் போதும். நேர்கோடுகள் நன்கு வெட்டுப்பட்டு, சுழிகளும் மூலைகளும் மட்டும் கிழிந்தால், அப்போதே கோணத்தை மாற்ற வேண்டிய தருணம் வந்தது என்று கொள்க. ஒரே சமயத்தில் கோணம், அழுத்தம், விலகல் ஆகிய மூன்றையும் மாற்றுவோர், எது நோய் எது மருந்து என்பதை அறிய இயலாமல் தாளை வீணாக்குவர்.

வெப்பமும் தேய்மானமும்

மென்மையூட்டிகள் சேர்ந்த வினைல், வெப்பத்தில் மேலும் மென்மையாகின்றது. கோடைக்காலத்தில் ஓட்டுக்கூரையின் கீழ் இயங்கும் பட்டறையில், காலையில் சரியாக வெட்டிய அதே அமைப்பு நண்பகலில் தாளை இழுத்துச் சுருக்கக்கூடும். பசையும் இளகிக் கத்தியில் படியும். அத்தகைய இடங்களில் நுட்பமான வேலைகளைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்வதும், வேகத்தைக் குறைப்பதும், கத்தியில் படிந்த பசையை அவ்வப்போது துடைப்பதும் பயன் தரும். உருளைகளை வெயில் படும் இடத்தில் நிறுத்தி வைக்கலாகாது.

கண்ணாடி மணிகள் பதிந்த ஒளி திருப்பும் தாள் கத்தியை மிக விரைவாகத் தேய்க்கின்றது. ஆதலால் அத்தாளுக்கென்று ஒரு கத்தியைத் தனியே ஒதுக்கி, அதனை மெல்லிய வினைலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது சிக்கனமாகும். தேய்ந்த கத்தியின் அடையாளம், நேற்று வெட்டிய தாளுக்கு இன்று கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதே. தேய்ந்த நுனி உருண்டுவிடுவதால் அதன் கோணமும் பழைய கோணமாக இராது. 60 பாகை என்று வாங்கிய கத்தி, தேய்ந்த பின் நுனியளவில் சாய்ந்த கத்தியாகவே நடந்துகொள்ளும்.

வெட்டி உரித்த மீதித் தாளைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். எழுத்தைச் சுற்றியிருந்த வினைல் முழுவதும் கழிவாகின்றது. அதனைப் பட்டறையின் பின்புறம் கொளுத்துவது தீங்கான வழக்கம். லேசர் வெட்டில் வெளிவரும் அதே ஹைட்ரஜன் குளோரைடு இங்கும் வெளிவருகின்றது. குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயாக்ஸின் எனும் நச்சுப் பொருள்களும் உண்டாகக்கூடும். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகைகள் 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளன. ஒட்டுத்தாள்கள் பதாகைகளினின்றும் வேறானவை. எனினும் அவற்றின் கழிவும் அதே பொருளே. தவறான வெட்டால் மீண்டும் மீண்டும் செய்யப்படும் ஒவ்வொரு வேலையும் அக்கழிவை இரட்டிக்கின்றது.

பட்டறையாளர் கைக்கொள்ள வேண்டிய வரிசை எளியது. முதலில் தாளின் தடிப்பை அறிக. அடுத்து, வெட்ட வேண்டிய வளைவுகளுள் மிகச் சிறியதை அளக்க. இவ்விரண்டையும் கொண்டு கோணத்தைத் தேர்க. அக்கத்திக்குரிய விலகலை இயந்திரத்திற்கு அறிவிக்க. நுனியின் நீளத்தை அமைக்க. இறுதியில் அழுத்தத்தைச் சோதனை வெட்டால் முடிவு செய்க. ஒரு முறை கண்ட முடிவைத் தாளின் பெயர், தடிப்பு, கத்தியின் கோணம், விலகல், அழுத்தம், நாள், அறையின் வெப்பம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி இயந்திரத்தின் அருகே தொங்கவிட்டால், பணியாள் மாறினாலும் பட்டறையின் அனுபவம் மாறாது. இதற்காகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையேயாகும்.